இழுவைப் படகுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துறைமுகத்தில் வேலை செய்கிறவர்கள் 'இழுவைப் படகு' என்று சொல்வதில்லை. சென்னையானாலும் தூத்துக்குடியானாலும் கொழும்பானாலும் அது 'டக்'தான். அந்தச் சொல்லையே இங்கும் வைத்துக்கொள்கிறோம். கப்பலின் முன்முனைக்கு நம் கடலோர மக்கள் சொல்லும் 'அணியம்' என்ற சொல்லும் கீழே அடிக்கடி வரும்.

பல்லாயிரம் குதிரைசக்தி எஞ்சின் வைத்திருக்கும் கப்பலுக்கு டக் எதற்கு?

எஞ்சின் கப்பலை முன்னும் பின்னும்தான் தள்ளும். திருப்புவது சுக்கான். சுக்கான் பிடிக்க வேண்டுமானால் அதன் மேல் தண்ணீர் வேகமாக ஓட வேண்டும். கரையணையும் கப்பலோ இரண்டு மூன்று நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்துக்குக் குறைந்துவிடுகிறது. போதாததற்கு, பெரிய கன்டெய்னர் கப்பல்கள் பலவற்றில் எஞ்சினின் ஆகக் குறைந்த சுழற்சியே கப்பலை 7, 8 நாட் வேகத்தில் கொண்டுபோய்விடும். அதனால் வேகத்தைக் குறைக்க எஞ்சினை நிறுத்தியே தீர வேண்டும். நிறுத்தினால் சுக்கான் வெறும் இரும்புத் தகடு.

அணியத்தில் குறுக்கே பொருத்தப்படும் பௌ த்ரஸ்டர் என்ற சிறு உந்தி ஓரளவு கைகொடுக்கும். ஆனால் கப்பல் இரண்டு மூன்று நாட் வேகத்துக்கு மேல் ஓடும்போது அதன் பலன் வேகமாகக் குறைகிறது. பின்பக்கத்தைப் பிடிக்க அதனால் முடியாது. மின்சாரம் போனால் அதுவும் போய்விடும். டக் மட்டுமே கப்பலின் எஞ்சினையும் மின்சாரத்தையும் நம்பாத சக்தி. துறைமுகத்துக்குள் கப்பலை வழிநடத்தும் பைலட்டுக்கு அதன் முதல் மதிப்பு இதுதான்.

ஒரு கப்பலுக்கு எத்தனை டக் வேண்டும்?

கப்பலின் நீளத்தையும் மிதவை ஆழத்தையும் வைத்து ஒவ்வொரு துறைமுகமும் விதி வைத்திருக்கிறது. அது குறைந்தபட்சம். அன்றைக்கு வீசும் காற்றுதான் உண்மையான எண்ணிக்கையைச் சொல்லும்.

பைலட்டுகள் மனக்கணக்காகப் போடும் சூத்திரம் ஒன்று உண்டு. காற்றின் வேகத்தை விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்து, வர்க்கமாக்கி, 18ஆல் வகுக்க வேண்டும். அதைக் கப்பலின் பக்கவாட்டுப் பரப்பால் (ஆயிரம் சதுர மீட்டர் கணக்கில்) பெருக்கினால், காற்று தள்ளும் விசை டன்னில் வந்துவிடும்.

300 மீட்டர் கன்டெய்னர் கப்பல் ஒன்றில் அடுக்கிய பெட்டிகளோடு சேர்த்து 9,000 சதுர மீட்டர் பரப்பு காற்றுக்குக் காட்டிக்கொண்டு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கவாட்டில் 20 நாட் காற்று, அதாவது விநாடிக்கு 10.3 மீட்டர். வர்க்கம் 106, 18ஆல் வகுத்தால் 5.9, ஒன்பதால் பெருக்கினால் 53 டன். 60 டன் விசையோடு இழுக்கும் டக் இரண்டு இருந்தால் தாராளம். அதே காற்று 30 நாட் ஆகட்டும்: 119 டன். அந்த இரண்டு டக்கும் முழுச் சக்தியோடு தள்ளினால் கப்பல் இருந்த இடத்தில் நிற்கும், அவ்வளவே. கரையை நோக்கி ஓர் அடி நகராது. காற்று ஒன்றரை மடங்கு கூடினால் விசை இரண்டேகால் மடங்கு கூடுகிறது. இதை மறப்பதால்தான் 'போன வாரம் இதே கப்பலை இதே இரண்டு டக்கோடு கட்டினோமே' என்ற பேச்சு வருகிறது.

டக்கின் முழு இழுப்பையும் கணக்கில் வைத்துத் திட்டமிடவே கூடாது. நான்கில் ஒரு பங்காவது கையிருப்பில் இருக்க வேண்டும். கப்பலுக்கு அடியில் தண்ணீர் குறைவாக இருந்து, குறுக்கே நீரோட்டமும் இருந்தால் இந்தக் கணக்கு இன்னும் மோசமாகும். அடியில் புகுந்து போக வழியில்லாத நீர் முழுவதும் கப்பலின் மேல் சாய்கிறது. ஆழ்நீரில் அதே ஓட்டம் கொடுக்கும் விசையைவிட அது பல மடங்கு.

'60 டன் டக்' என்றால் எடையா?

இல்லை. அது பொல்லார்டு இழுப்பு. டக்கைக் கரையிலுள்ள கட்டுதூணோடு நீண்ட வடத்தால் கட்டி, நடுவில் விசைமானி வைத்து, முழுச் சக்தியில் சில நிமிடங்கள் இழுக்க விடுவார்கள். கணநேர உச்சத்தை ஏற்பதில்லை, நிலைத்து நின்ற சராசரியைத்தான் சான்றிதழில் எழுதுவார்கள். வடம் குட்டையாக இருந்தால் புரொப்பல்லர் தள்ளும் நீர் சுவரில் மோதித் திரும்பி வந்து அளவைக் கெடுக்கும். ஆழமில்லாத இடத்திலும் அப்படியே. அதனால் எங்கே, எவ்வளவு ஆழத்தில், என்ன காற்றில் சோதித்தார்கள் என்பதையும் சான்றிதழில் பார்க்க வேண்டும்.

குழல்வளையத்துக்குள் புரொப்பல்லர் வைத்த இன்றைய டக் ஒரு குதிரைசக்திக்கு ஏறத்தாழ 12 கிலோ இழுக்கும். 60 டன்னுக்கு 5,000 குதிரைசக்தி என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். இந்த வளையம் ஜெர்மன் பொறியாளர் லுட்விக் கோர்ட் 1930களில் கொண்டுவந்தது. வளையமில்லாத புரொப்பல்லரைவிட நின்ற இடத்து இழுப்பைக் கால் பங்குக்கு மேல் கூட்டித் தருகிறது.

சான்றிதழில் உள்ள எண் புது எஞ்சினின் எண். புரொப்பல்லரில் பாசி, அடித்தட்டில் சிப்பி, எஞ்சினில் தேய்மானம் என்று போகப்போகக் குறையும். பத்து வருடத்துக்கு முந்தைய சான்றிதழை நம்பிக் காற்றுக் கணக்குப் போடுவது ஆபத்து.

டக்கில் எத்தனை வகை? வெளியே பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தானே இருக்கின்றன?

வேறுபாடு தண்ணீருக்கு அடியில். இரண்டு கேள்வி கேட்டால் போதும்: உந்துவிசை எங்கே பிறக்கிறது, வடம் எங்கே பிடிக்கிறது?

பழைய வகையில் புரொப்பல்லரும் சுக்கானும் பின்னால். இழுக்கும் கொக்கி ஏறக்குறைய நடுவில். கட்டுவதற்கு மலிவு, நேர்கோட்டில் நீண்ட தூரம் இழுக்க நல்லது. ஆனால் கப்பல் பக்கவாட்டில் இழுத்தால் டக் குறுக்கே கவிழக்கூடிய அமைப்பும் இதுதான்.

இன்று துறைமுகங்களில் பெரும்பாலும் காண்பது பின்பக்கத்துக்கு அடியில் இரண்டு த்ரஸ்டர் வைத்த வகை. ஒவ்வொன்றும் 360 பாகையும் சுழலும். சுக்கானே கிடையாது, புரொப்பல்லரைத் திருப்பினால் டக் திரும்புகிறது. ஓட்டுநரின் இரு கையிலும் ஒவ்வொரு பிடி. வடம் அணியத்திலுள்ள வின்ச்சிலிருந்து (வடம் சுருட்டும் பொறி) போகிறது. இழுக்கவும் தள்ளவும் இதே முகம்தான், இடம் மாற வேண்டியதில்லை. பெரிய துறைமுகங்கள் இந்த வகைக்கு மாறியதற்கு அதுவே காரணம்.

மூன்றாவது வகை டிராக்டர். இதில் உந்துவிசை முன்பாதிக்கு அடியில், வடம் பின்னால். கப்பல் எந்தப் பக்கம் இழுத்தாலும் டக் தானாகவே இழுவையின் திசைக்குத் திரும்பி நிற்கும். கவிழ்வதற்கான நெம்பு மிகக் குறைவு. ஃபொய்த் ஷ்னைடர் உந்தி பெரும்பாலும் இந்த வகையில்தான் வருகிறது: ஒரு வட்டத்தட்டில் ஐந்து செங்குத்துக் கத்திகள் தொங்கிக்கொண்டு சுழலும், கத்திகளின் கோணத்தை மாற்றினால் விசையின் திசை உடனே மாறும். ஆஸ்திரியப் பொறியாளர் எர்ன்ஸ்ட் ஷ்னைடர் 1920களில் உருவாக்கியது. அதே குதிரைசக்திக்கு இழுப்பு சற்றுக் குறைவு, விலையும் கூடுதல். ஆனால் திசை மாற்றத்தின் துல்லியத்துக்கு இணையில்லை. கப்பலின் வயிற்றோடு நகத்தளவு இடைவெளியில் நின்று வேலை செய்ய வேண்டிய இடத்தில் எங்கள் வாக்கு இதற்குத்தான்.

கப்பல் கரையணையும்போது டக்குகள் வரிசையாக என்ன செய்கின்றன?

வேலை வடம் கட்டுவதற்கு முன்பே தொடங்குகிறது. பைலட் கப்பலின் கட்டளை மேடைக்கு ஏறியதும் கேப்டனிடம் எந்த டக் எங்கே, தள்ளவா இழுக்கவா, கப்பலின் கட்டுதூண் எத்தனை டன் தாங்கும் என்று பேசி முடிக்க வேண்டும். கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தூணின் அருகிலேயே பாதுகாப்புச் சுமை வெல்டிங்கில் எழுதியிருக்கும். 40 டன் என்று எழுதிய தூணில் 60 டன் டக்கைக் கட்டி முழு இழுப்புக் கேட்டால், வடம் அறுவதற்கு முன் தூண் பெயர்ந்து வரும்.

கப்பல் 6 நாட் வேகத்துக்குக் கீழே இறங்கியதும் டக் கூடவே ஓடி வந்து வேகத்தைச் சமமாக்கிக்கொள்ளும். கப்பலிலிருந்து எறிகயிறு வரும். டக்கின் ஆள் அதில் மெசஞ்சர் கயிற்றைக் கட்டுவார். அதைக் கப்பலின் வின்ச் இழுக்க, பின்னால் வடத்தின் கண்ணி மேலேறிக் கயிற்றுத் துளை வழியாகத் தூணில் மாட்டப்படும். மாட்டியவர்கள் விலகி நின்றபிறகே 'கட்டியாச்சு' என்ற செய்தி வானொலியில் போக வேண்டும். எறிகயிற்றின் முனையில் நட்டு, போல்ட், ஈயக்கட்டி வைத்து எறிவது இன்னும் சில கப்பல்களில் நடக்கிறது. பதினைந்து மீட்டர் உயரத்திலிருந்து அது டக் மாலுமியின் தலையில் விழுந்தால் பிழைப்பது கடினம். சிறு மணல் பை போதும்.

பிறகு வேலைப் பங்கீடு. தேரை நினைத்துப் பார்த்தால் எளிதில் புரியும்: முன்னால் வடம் பிடிப்பவர்களைவிட, சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் கையில்தான் தேர் நிற்பதும் திரும்புவதும். கப்பலின் பின்னால் நடுத்துளையில் கட்டிய டக் அந்த முட்டுக்கட்டை. வேகத்தைக் குறைப்பதும், பின்பக்கத்தை இடம் வலமாக இழுத்துக் கப்பலைத் திருப்புவதும் அதன் வேலை. ஒரே ஒரு டக்தான் கிடைக்கும் என்றால், ஓடிக்கொண்டிருக்கும் கப்பலுக்கு அதைப் பின்னால் கட்டுவதுதான் பெரும்பாலும் சரி.

திருப்புமிடத்தின் விட்டம் வழக்கமாகக் கப்பல் நீளத்தின் இரண்டு மடங்கு இருக்கும். அங்கே முன்டக் ஒரு பக்கமும் பின்டக் மறுபக்கமுமாக இழுத்துக் கப்பலைச் சுழற்றுகின்றன. பிறகு கப்பலைக் கட்டும் கரைமேடைக்கு இணையாக, கப்பலின் அகலம் அளவுக்கு இடைவெளி விட்டு நிறுத்திவிட்டு, இரண்டும் பக்கவாட்டில் மெல்லத் தள்ளும்.

கடைசி இருபது மீட்டர்தான் கடினம். பெரிய கப்பல் மேடையைத் தொடும்போது வேகம் விநாடிக்கு 10 சென்டிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். 1 லட்சம் டன் கப்பல் 20 சென்டிமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் வருகிறது என்றால், 50 டன் இழுப்பால் அதை நிறுத்தக் காகிதக் கணக்கில் 40 விநாடியும் 4 மீட்டரும் ஆகும். ஆனால் கப்பலோடு ஒட்டிக்கொண்டு நகரும் நீரும் ஒரு சுமை. ஆழம் குறைந்த இடத்தில் அது கப்பலின் எடைக்கே இணையாகலாம். ஆக 80 விநாடி, 8 மீட்டர். பிந்திச் சொன்ன 'நிறுத்து' மேடையின் ரப்பர் தாங்கியைப் பிளக்கும்.

கப்பல் முன்பின் நகராமல் பிடிக்கும் முதல் ஸ்பிரிங் கயிறுகள் ஏறி இறுகும்வரை டக்குகள் தள்ளிப் பிடித்திருக்கும். அவிழ்க்கும்போது வடத்தைக் கப்பலிலிருந்து பொத்தென்று போடக் கூடாது. மெசஞ்சர் கயிற்றால் தாங்கி மெல்ல இறக்க வேண்டும். டக்கின் வின்ச் சுருட்டும் வேகத்துக்கு இறங்க வேண்டும். அவசரப்பட்டு விட்ட வடம் நேராக த்ரஸ்டருக்குள் போகும், டக் அந்த நிமிடமே சக்தியிழந்து கப்பலுக்கு அடியில் கிடக்கும்.

தள்ளுவதா, இழுப்பதா? எது நல்லது?

தள்ளும்போது டக்கின் முழுச் சக்தியும் கப்பலுக்குப் போய்ச் சேரும். ஆனால் எங்கே வேண்டுமானாலும் தள்ள முடியாது. கப்பலின் பக்கத்தில் 'டக்' என்ற எழுத்தும் அம்புக்குறியும் வரைந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே உள்ளே குறுக்குச் சுவரோ கனமான சட்டமோ இருக்கிறது. குறியை விட்டு இரண்டு மீட்டர் தள்ளி அழுத்தினால் தகடு குழிந்துவிடும்.

இழுக்கும்போது வேறு சிக்கல். வடம் குட்டையாக இருந்தால் டக்கின் புரொப்பல்லர் தள்ளும் நீர் கப்பலின் பக்கத்திலேயே மோதி, கப்பலை எதிர்த்திசையில் தள்ளுகிறது. ஒரு கையால் இழுத்து மறுகையால் தள்ளுவது போல. வடத்தை நீட்டினால் இந்த இழப்பு குறையும். குறுகிய பள்ளத்தில் நீட்ட இடமில்லையென்றால், கிடைக்கும் இழுப்பு சான்றிதழ் எண்ணைவிடக் கணிசமாகக் குறையும் என்பதை முன்கூட்டியே கழித்துக்கொள்ள வேண்டும்.

டக்குக்கு எது மிகப் பெரிய ஆபத்து?

கப்பலின் வேகம். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. கீழே வரும் விபத்துகள் எல்லாவற்றுக்கும் வேர் இதுதான்.

முதலாவது, நீரின் உறிஞ்சல். ஓடும் கப்பலின் அணியத்தில் நீரழுத்தம் அதிகம், பக்கவாட்டில் குறைவு. அணியத்தை நெருங்கும் டக் முதலில் வெளியே தள்ளப்படும். ஓட்டுநர் அதற்கு ஈடுகட்டித் திருப்பிய அடுத்த விநாடி குறைவழுத்தப் பகுதிக்குள் புகுந்து கப்பலை நோக்கி இழுக்கப்படும். கட்டுப்பாடு தவறிக் கப்பலின் முன்னால் குறுக்கே போய்விட்டால் கப்பல் அதன் மேல் ஏறிவிடும். அணியத்தோடு அணியம் வைத்துப் பின்னோக்கி ஓடிக்கொண்டே வேலை செய்யும் டக்குக்கு 6 நாட் என்பது கடைசி எல்லை. அதற்கு மேல் போனால் அதன் சக்தியெல்லாம் தன்னை ஓட்டிக்கொள்ளவே போய்விடும்.

இரண்டாவது, குறுக்கே இழுபட்டுக் கவிழ்தல். கொக்கி நடுவில் உள்ள பழைய வகை டக் கப்பலுக்கு இணையாகவோ பின்தங்கியோ போய்விட்டால், வடம் அதன் விலாவிலிருந்து நேர் குறுக்கே இழுக்கும். புரொப்பல்லர் பின்னால் இருப்பதால் திரும்பி நேராக முடியாது. சாய்வு கூடும், தளத்தின் ஓரம் நீரில் மூழ்கும், திறந்திருக்கும் கதவு வழியே நீர் எஞ்சின் அறைக்குள் பாயும். தொடக்கத்திலிருந்து முடிவுவரை சில விநாடிகளே. ஸ்காட்லாந்தின் கிளைடு ஆற்றில் 2007 டிசம்பர் 19 அன்று மூடுபனியில் 'ரெட் ஜாஸ்மின்' கப்பலை இழுத்துக்கொண்டிருந்த 'ஃப்ளையிங் ஃபேன்டம்' இப்படித்தான் கவிழ்ந்தது. நால்வரில் மூவர் இறந்தார்கள். அதே கிளைடு கரையில் கிரீனாக்கில் 2023 பிப்ரவரி 24 அன்று 'ஹெப்ரிடியன் பிரின்சஸ்' பயணிகள் கப்பலுக்குத் துணைபோன 'பைட்டர்' கவிழ்ந்தது. இருந்த இருவரும் இறந்தார்கள்.

தடுக்க என்ன வழி? பழைய வகையில் 'கோப்' கயிறு என்று ஒன்று கட்டுவார்கள். அது வடத்தைத் தளத்தின் பின்முனையோடு சேர்த்து அமுக்கிப் பிடித்து, இழுவைப் புள்ளியைப் பின்னால் கொண்டுபோகும். அது இறுகக் குட்டையாக இருக்க வேண்டும். தளர்வாகக் கட்டியது இல்லாததற்குச் சமம். கொக்கியையும் வின்ச்சையும் நொடியில் விடுவிக்கும் பொத்தானைச் சுமையோடு சோதிக்க வேண்டும். சுமையில்லாமல் சோதித்தால் எப்போதும் நன்றாகவே வேலை செய்யும். வடம் கட்டியிருக்கும் நேரமெல்லாம் தளமட்டக் கதவுகள் மூடியே இருக்க வேண்டும். எங்கள் வெயிலில் எஞ்சின் அறைக் கதவைக் காற்றுக்காகத் திறந்து வைக்கத் தோன்றும். அந்தக் கதவுதான் சாய்ந்த டக் நிமிர்வதா மூழ்குவதா என்று முடிவு செய்கிறது. பைலட் தன் பங்குக்கு, டக்கிடம் சொல்லாமல் எஞ்சின் வேகத்தைக் கூட்டவே கூடாது.

வடம் ஏன் அறுகிறது?

இன்றைய வடம் எச்.எம்.பி.இ. எனப்படும் செயற்கை இழையில் முறுக்கியது. டைனீமா என்ற வணிகப் பெயர் பலருக்குத் தெரியும். நீரில் மிதக்கும். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள வடம் மீட்டருக்கு ஒன்றரை கிலோகூட இராது. அதே பலமுள்ள இரும்புக் கம்பி வடம் 10 கிலோவைத் தொடும். 60 டன் டக்குக்கு 180, 200 டன் அறுபலம் உள்ள வடம் போடுவார்கள், மூன்று மடங்கும் அதற்கு மேலும்.

அப்படியும் அறுவதற்குக் காரணங்கள் உண்டு. இந்த இழை நீளாது. நைலான் வடம் நீண்டு அதிர்ச்சியை விழுங்கும், இது விழுங்காது. அலையில் டக் எழும்பி விழும்போது தளர்ந்து இறுகும் ஒவ்வொரு வெட்டும் பொல்லார்டு இழுப்பைத் தாண்டிப் போகும். அதனால் நடுவில் பாலியெஸ்டர் அல்லது நைலான் துண்டு ஒன்றை நீட்சிக்காகச் சேர்ப்பது வழக்கம். இரண்டாவது, உராய்வுச் சூடு. இந்த இழை 145 பாகை செல்சியஸ் அருகிலேயே உருகத் தொடங்கும். கப்பலின் கயிற்றுத் துளையில் துரு, வெல்டிங் பிசிறு, பழைய இரும்புக் கம்பி அறுத்த பள்ளம் எது இருந்தாலும் வடம் அங்கே அரைபடும். துளையில் படும் இடத்துக்கு உறை போட வேண்டும். மூன்றாவது, வின்ச்சில் தளர்வாகச் சுற்றிய வடம். மேல் சுற்று இழுவையில் கீழ்ச் சுற்றுகளுக்குள் புதைந்து நசுங்கும், அவசரத்தில் விடுபடவும் மறுக்கும். முதல் சுற்றிலிருந்தே சுமை கொடுத்துத்தான் சுற்ற வேண்டும்.

சோதிக்கும்போது பஞ்சுபோல் பிசிறு நிற்பது எல்லா வடத்திலும் உண்டு. அதற்குப் பயப்பட வேண்டாம். கண்ணாடிபோல் பளபளத்துக் கெட்டித்த இடம், ஒரு புரி முழுதாக அறுந்த இடம், விட்டம் சட்டென்று சிறுத்த இடம் ஆகியவைதான் அபாயம். தேய்ந்த முனையை வெட்டிப் புதுக் கண்ணி பின்னலாம். வடத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு மறுமுனையைப் பயன்படுத்தலாம். அறும் வடம் எந்தப் பக்கம் சுண்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. செயற்கை இழை சுண்டாது என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. அது தவறு. நைலான் துண்டு சேர்ந்த வடம் சாட்டையாகவே வரும்.

'எஸ்கார்ட் டக்' என்றால் என்ன?

கரையணைக்க அல்ல, ஓடும் கப்பல் வழியில் சுக்கானையோ மின்சாரத்தையோ இழந்தால் பிடித்து நிறுத்துவதற்காகக் கூடவே வரும் டக். 1989இல் அலாஸ்காவில் 'எக்ஸான் வால்டெஸ்' தரைதட்டி எண்ணெய் கொட்டியபின், 1990இல் வந்த அமெரிக்கச் சட்டம் ஒற்றைச் சுவர் எண்ணெய்க் கப்பல்களுக்கு அந்தக் கடற்பகுதியில் இரண்டு துணை டக்குகளைக் கட்டாயமாக்கியது.

இது வேலை செய்யும் முறை அழகானது. 8, 10 நாட் வேகத்தில் டக் வெறும் எஞ்சினால் இழுத்தால் பயனில்லை. அதனால் கப்பலின் பின்னால் கட்டிய டக் தன் உடலையே ஓட்டத்துக்குக் குறுக்கே சாய்த்து வைக்கிறது. அடியிலுள்ள நீண்ட துடுப்புச் சுவரில் நீர் மோதி எழும் விசை வடம் வழியாகக் கப்பலைத் திருப்பும். பொல்லார்டு இழுப்பைப் போல இரண்டு மடங்குவரை வடத்தில் ஏறும். வேகம் குறையக் குறைய இந்த விசையும் குறைந்து, கடைசியில் நேரடி இழுப்புக்கு மாற வேண்டியிருக்கும்.

2024 மார்ச் 26 அன்று பால்டிமோரில் 'டாலி' கன்டெய்னர் கப்பல் மின்சாரம் இழந்து பாலத்தில் மோதி, பாலத்தின் மேல் வேலை செய்துகொண்டிருந்த ஆறு பேர் இறந்தார்கள். மேடையிலிருந்து கப்பலைக் கிளப்பிவிட்ட இரண்டு டக்குகளும் வழக்கப்படி அதற்கு முன்பே விடைபெற்றுவிட்டிருந்தன. பாலத்தைத் தாண்டும்வரையாவது பின்னால் ஒரு டக் கட்டியிருக்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து. ஒரு மணிநேரக் கூலியோடு ஒப்பிடும் விஷயமல்ல இது.

'எவர் கிவன்' கப்பலை டக்குகள் ஏன் உடனே இழுத்துவிட முடியவில்லை?

2021 மார்ச் 23 அன்று சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கிய 400 மீட்டர் கப்பலின் அணியம் கரை மண்ணுக்குள் புதைந்திருந்தது. மண்ணில் உட்கார்ந்த எடையை டக்கால் தூக்க முடியாது. பக்கவாட்டில் பிடுங்கத்தான் முடியும். அதனால் முதல் வேலை மண் அகழ்வது: ஏறத்தாழ 30,000 கன மீட்டர். அடுத்து, 285 டன் இழுக்கும் 'ஆல்ப் கார்ட்' போன்ற கடலோடி டக்குகள் வந்து சேர வேண்டியிருந்தது. முழுநிலவை ஒட்டிய பேரலையேற்றமும் கூடியபோது, 29ஆம் தேதி கப்பல் மிதந்தது. மண், நீர்மட்டம், இழுப்பு மூன்றும் ஒரே நேரத்தில் அமைய வேண்டும்.

ஆறுகளில் தெப்பங்களைத் தள்ளிக்கொண்டு போவதும் டக்தானா?

அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றில் அதை 'டோபோட்' என்கிறார்கள். பெயரில் இழுவை, செய்வது முழுக்கத் தள்ளல். சதுர முகம், அதில் இரண்டு முட்டுத் தூண்கள். 59 மீட்டர் நீளமுள்ள தெப்பங்களைக் கம்பி வடத்தாலும் இறுக்கு திருகாலும் ஒன்றோடொன்று கட்டி ஒரே பலகைபோல் ஆக்குவார்கள். நீர்மட்டத்தை ஏற்றி இறக்கும் பூட்டுமதகுகள் உள்ள மேல் ஆற்றில் அகலத்தில் மூன்று, நீளத்தில் ஐந்து எனப் பதினைந்து தெப்பம். மதகில்லாத கீழ் ஆற்றில் முப்பது, நாற்பது. அமைதியான நீரில் தள்ளுவதே சிக்கனம், பிடியும் கைக்குள் இருக்கும். கடலலையில் அந்தக் கட்டு அறுந்துவிடும், அங்கே நீண்ட வடத்தில் இழுப்பதே வழி.

கப்பலில் தீப்பிடித்தால் டக் அணைக்குமா?

தீயணைப்புத் தகுதி பெற்ற டக்கால் முடியும். முதல் நிலைத் தகுதிக்கு மணிக்கு 2,400 கன மீட்டர் நீரை இரண்டு பீரங்கிகளால் 120 மீட்டர் தூரமும் 45 மீட்டர் உயரமும் வீச வேண்டும். 2020 செப்டம்பரில் இலங்கையின் கிழக்குக் கடலில் 'நியூ டயமண்ட்' எண்ணெய்க் கப்பலும், 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே 'எக்ஸ்பிரஸ் பேர்ல்' கன்டெய்னர் கப்பலும் எரிந்தபோது டக்குகள் நாள்கணக்கில் நீர் வீசின. ஆனால் வீசும் நீர் ஆவியானது போக மீதி கப்பலுக்குள்தான் தேங்குகிறது. 1942இல் நியூயார்க்கில் 'நார்மண்டி' பயணிகள் கப்பல், தீயணைக்க வீசிய நீரின் பாரத்தால்தான் கவிழ்ந்தது. 'எக்ஸ்பிரஸ் பேர்'லை ஜூன் 2 அன்று ஆழ்கடலுக்கு இழுக்கத் தொடங்கியபோது பின்பக்கம் ஏற்கெனவே தாழ்ந்து தரையில் தட்டி நின்றுவிட்டது.

மின்சார டக் நடைமுறைக்கு உதவுமா?

உதவும். துறைமுக டக் நாளின் பெரும்பகுதி காத்திருக்கிறது அல்லது மெல்ல ஓடுகிறது. முழுச் சக்தி கேட்பது சில நிமிடங்கள். டீசல் எஞ்சினுக்கு இது மோசமான வேலை, பேட்டரிக்கு ஏற்ற வேலை. ஆக்லாந்தில் 2022இல் வந்த 'ஸ்பார்க்கி' 70 டன் இழுக்கிறது. 2,784 கிலோவாட் மணி பேட்டரி, ஏறத்தாழ இரண்டு மணிநேரச் சார்ஜ். இந்திய அரசு 2024 ஆகஸ்டில் தொடங்கிய பசுமை டக் திட்டத்தின் முதல் நான்கு துறைமுகங்களில் தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகமும் ஒன்று. யோசிக்க வேண்டியது கரையிலுள்ள மின்னிணைப்பைத்தான். புயலெச்சரிக்கையில் எல்லாக் கப்பலையும் வெளியேற்றும் நாளில் டக்குக்குச் சார்ஜ் ஏற்ற ஓய்வு கிடைக்காது. அதற்கென்று கையிருப்பு டீசல் ஜெனரேட்டர் வைப்பதில் தவறில்லை.

மீன்பிடிப் படகில் போகும்போது டக்கை எப்படி அடையாளம் காண்பது? எவ்வளவு விலக வேண்டும்?

இரவில் ஒரு கப்பலின் முன்கம்பத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வெள்ளை விளக்கு இருந்தால் அது எதையோ இழுக்கிறது அல்லது தள்ளுகிறது. மூன்று இருந்தால், டக்கின் பின்முனையிலிருந்து இழுபடும் பொருளின் கடைசிவரை 200 மீட்டருக்கு மேல். பின்னாலிருந்து பார்த்தால் வெள்ளைப் பின்விளக்குக்கு மேல் மஞ்சள் விளக்கு தெரியும். பகலில், 200 மீட்டரைத் தாண்டிய இழுவைக்குக் கறுப்பு வைர வடிவம் ஏற்றியிருப்பார்கள்.

நடுவே கடல் காலியாகத் தெரியும். வடம் தன் எடையால் தொங்கி நீருக்குள் மறைந்திருக்கும். அலையில் டக் முன்னேறினால் அதே வடம் சட்டென்று நீர்மட்டத்துக்கு எழும்பும். அது படகைக் கவிழ்க்கும், வலையையும் வாரிக்கொண்டு போகும். எனவே டக்குக்கும் இழுபடுவதற்கும் நடுவே ஒருபோதும் புகக் கூடாது. இழுபடும் தெப்பத்தின் விளக்குகள் சிறியவை, சில நேரம் அணைந்தும் இருக்கும். இரண்டு அல்லது மூன்று விளக்கைக் கண்டதும் பின்னால் ஒன்று வருகிறது என்றே வைத்துக்கொண்டு, முழு இழுவையும் கடந்துபோனபின் அதன் பின்புறமாகச் சுற்றிப் போங்கள். துறைமுக வாய்க்குள் கப்பலைத் தள்ளிக்கொண்டிருக்கும் டக்கின் பின்னால் 5,000 குதிரைசக்தியின் நீர் வேகமாகப் பீறிட்டு வரும். சிறு படகுக்கு அந்த நீரோட்டமே போதும், கவிழ்க்க. நூறு மீட்டராவது விலகி, கப்பல் கட்டி முடியும்வரை காத்திருக்க வேண்டும்.